எவரும் என்றால் பூட்டுக்காரனும்

பிப்ரவரி 9

அன்பு அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுகிறேன். நானும் சிட்டுவும் சளி, காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? மாமாவின் காலில் மாவுக்கட்டு என்று படித்ததும் சிட்டு அழுதேவிட்டாள். அடுத்த வரியில், ஓடுகிற பஸ்ஸிலிருந்து விழவில்லை, டிப்போவில் சிந்திக்கிடந்த ஆயிலில் வழுக்கினார் என்று படித்ததும் சிரித்துவிட்டாள். இத்தனை வருடம் கண்டக்டராக இருந்து படிக்கட்டில் தொங்கியவருக்குத் தரையில் காயம். மாமாவிடம் சொல்லாதே.

பூட்டுக் கடை நன்றாக ஓடுகிறது. போன வாரம் ஒரு பல் டாக்டர் மருந்து அறைக்குள் மாட்டிக்கொண்டார். தாழ்ப்பாள் உள்ளே உடைந்துவிட்டது. வெளியே நாற்காலியில் நோயாளி வாயைத் திறந்தபடி, வாய் நிறையப் பஞ்சு. நான் பூட்டைக் கழற்றுகிற வரை அந்த மனிதர் கையாலேயே எனக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னொரு சங்கதி. எங்கள் பகுதி போலீஸ் ஸ்டேஷனில் இப்போது என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். சோதனைக்குப் போகும் வீடு பூட்டியிருந்தால் திறந்துவிட ஒரு ஆள் வேண்டுமாம். ஜீப் கடை வாசலில் வந்து நின்றால் தெருவே எட்டிப் பார்க்கிறது. இன்ஸ்பெக்டர் என் தோளில் கைபோட்டு, "இவரு நம்ம ஆளு" என்கிறார். எனக்குக் கொஞ்சம் தலை கனத்துத்தான் போயிருக்கிறது. சிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்தே அவள் எதற்கும் ஒன்றும் சொல்லமாட்டாளே. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்த்துவிட்டு வந்து, என் முகத்தையும் அப்படியே வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி

---

பிப்ரவரி 24

அருமைத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதம் வந்து வீட்டில் கொஞ்சம் சிரிப்பு வந்தது. உன் மாமா நலம்தான், வாய் மட்டும் இரண்டு மடங்கு நலம். கட்டிலில் படுத்துக்கொண்டு நான் சமைப்பதிலிருந்து நாடு நடக்கும் விதம் வரை எல்லாவற்றுக்கும் விசில் ஊதுகிறார். காலையில் முதல் பஸ்ஸை எடுக்க நான் கிளம்பும்போது, "பிரேக்கை மெதுவா பிடி, பின்னாடி நிக்கறவங்க மனுஷங்க" என்று தினமும் ஒரு பாடம். நான் என்ன புதுசாகவா ஸ்டியரிங்கைப் பிடிக்கிறேன்?

போலீஸ் ஸ்டேஷனில் உனக்குப் பெயர் கிடைத்திருப்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது. டிப்போவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நம்மைப் போன்றவர்களுக்கு அந்த மாதிரி இடத்தில் ஒரு தெரிந்த முகம் இருப்பது எவ்வளவு பெரிய தைரியம்! அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள். சொன்ன நேரத்துக்குப் போ. பேச்சைக் குறை.

சிட்டுவுக்கு என் அன்பு. கண் எரிகிறது என்றாளே, இப்போது பரவாயில்லையா?

உன் அக்கா

---

மார்ச் 12

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். மாமா ஊன்றுகோலோடு எழுந்து நிற்கிறாரா?

ஒரு விஷயம் நடந்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும் போலிருக்கிறது. சிட்டுவிடம் இன்னும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஜீப் வந்தது. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய மாடிக் குடியிருப்பு. ரிட்டயரான நர்ஸ் ஒருவர் தனியாக இருக்கிறாராம். அரசு மருத்துவமனையில் குழாய்த் தண்ணீர் கெட்டு நோயாளிகள் செத்ததை மறைக்கிறார்கள் என்று தெருக்கூட்டத்தில் பேசினாராம். அவரைத் தூண்டிவிடுவது யார் என்று பார்க்க வீட்டைச் சோதிக்க வேண்டும். "வெளியே போயிருக்காங்க, நீ திற" என்றார் இன்ஸ்பெக்டர். அவரோடு நான்கைந்து போலீஸ்காரர்கள்.

நான் மண்டியிட்டு வேலையை ஆரம்பித்தேன். சாதாரணப் பூட்டு. பாதி பிடிபட்டுவிட்டது. அப்போது கதவுக்கு அந்தப் பக்கம், சரியாக என் காதுக்கு நேராக, ஒரு குரல்.

"பூட்டுக்காரரா?"

கத்தவில்லை, அழவில்லை. அவரும் தரையில் உட்கார்ந்திருக்கிறார் போலிருக்கிறது. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பலகையின் கனம்தான். "ஆமாங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அவங்ககிட்ட கோர்ட்டு உத்தரவு இருக்கான்னு பாத்தீங்களா?"

"இல்லைங்க."

"பாத்துட்டு அப்புறம் செய்யுங்க. உங்க வேலைய நான் தடுக்கமாட்டேன்."

அவ்வளவுதான் அக்கா. போலீஸிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம்தான் பேசினார். என் கையில் கம்பி இருந்தது. அதை இன்னும் கொஞ்சம் திருப்பினால் கதவு திறந்துவிடும். திருப்ப முடியவில்லை. திரும்பிப் பார்த்து, "ஐயா, உத்தரவு இருக்குங்களா?" என்றேன்.

இன்ஸ்பெக்டர் முதலில் சிரித்தார். "என்னய்யா புதுசா? திற."

"திறக்கறேங்க. காகிதத்த ஒரு தடவ பாத்துட்டுத் திறக்கறேங்க."

"நான் சொல்றது பத்தாதா?"

 கம்பியைப் பூட்டிலிருந்து எடுத்துப் பையில் போட்டுவிட்டு எழுந்து நின்றேன்.  மாடிப்படியில் மேல்வீட்டுக்காரர்கள் வந்து நின்றிருந்தார்கள். எங்கேயோ ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் படியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு உதை விட்டால் பெயர்ந்து விழும் கதவு அது. பூட்ஸ் கால்கள் அத்தனை இருந்தன. ஒரு கால்கூட எழவில்லை அக்கா! பிறகு எல்லோரும் திரும்பி இறங்கிப் போய்விட்டார்கள்.

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். என் வாயிலிருந்து வந்த ஒரு கேள்வியா அவர்களை நிறுத்தியது? எனக்குப் பின்னால் வேறு யாரோ பெரிய ஆள் நிற்பது போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் வெறும் சுவர்.

எனக்கு ஒன்றும் பயமில்லை. ஸ்டேஷனிலிருந்து இப்போது கூப்பிடுவதில்லை, அதுவும் நல்லதுதான். நீ கவலைப்படாதே.

உன் தம்பி

---

மார்ச் 20

தம்பி,

நலம் விசாரிக்கக்கூட எனக்குக் கை ஓடவில்லை. உனக்குப் புத்தி பிசகிவிட்டதா? அந்த அம்மாளுக்கு நீ என்ன உறவா, முறையா? போலீஸ்காரரிடம் காகிதம் கேட்க நீ யார்? வக்கீலா, மந்திரியா? உனக்குப் பின்னால் யாரோ நின்றார்களாம்! யாரும் நிற்கவில்லை. உனக்குப் பின்னால் சிட்டு இருக்கிறாள், அவளுக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை. அதை நினைத்தாயா?

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் ஒரு பேச்சு வைத்திருப்பவர், இதற்கு வாயைத் திறக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயம்.

இதைப் பார்த்த உடனே போய் இன்ஸ்பெக்டரிடம் மன்னிப்புக் கேள். வாய் தவறி வந்துவிட்டது ஐயா என்று சொல். சொன்னேன் என்று எனக்கு ஒரு வரி எழுது. அது வரும் வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

அக்கா

---

ஏப்ரல் 6

அன்புத் தம்பிக்கு,

அங்கே எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். போன கடிதத்தில் கோபமாக எழுதிவிட்டேன், அதனால்தான் பதில் போடாமல் இருக்கிறாய் என்று மாமா சொல்கிறார். அப்படியே இருக்கட்டும். கோபமாகவே இரு. ஆனால் கோபமாக இருக்கிறேன் என்றாவது எழுது.

உன் கடைக்குப் பக்கத்து மருந்துக் கடைக்கு டிப்போவிலிருந்து போன் போட்டேன். எடுத்தவர், "கடை சாத்தியிருக்கும்மா" என்றார். எப்போதிலிருந்து என்றேன். லைனை வைத்துவிட்டார்.

நேற்று ஒரு நிறுத்தத்தில் நிற்காமலே போய்விட்டேன். இத்தனை வருடத்தில் நான் அப்படிச் செய்ததில்லை.

எழுது தம்பி.

அக்கா

---

ஏப்ரல் 9

வணக்கத்துக்குரிய அண்ணிக்கு,

சிட்டு எழுதுகிறேன். அண்ணாவின் கால் தேவலையா? உங்களுக்கு நான் தனியாகக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். உங்கள் கோபக் கடிதம் வந்த மறுநாள். கடையைத் திறந்துகொண்டிருந்தாராம், ஒரு கார் வந்தது, சாதாரண உடுப்பில் இரண்டு பேர். மருந்துக் கடைக்காரர் பார்த்திருக்கிறார். ஸ்டேஷனுக்குப் போனேன். "இங்க இல்லம்மா" என்றார்கள். பெரிய ஆபீசுக்குப் போனேன். "அப்படி ஆளே வரல" என்றார்கள். தினமும் லென்ஸ் வேலை முடிந்து போய் அந்த ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்காருவேன். விளக்குமாறோடு வந்து என் காலடியில் பெருக்குவார்கள், எழுந்து போகட்டும் என்று. காலைத் தூக்கிக்கொள்வேன். உங்களுக்கு எழுதாமல் இருந்தது, இன்றைக்கு வந்துவிடுவார், நாளைக்கு வந்துவிடுவார் என்றுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வயதான அம்மா கதவைத் தட்டினார். "உன் வீட்டுக்காரர் முகத்தை நான் பாத்ததில்ல, குரல் மட்டும்தான் கேட்டிருக்கேன்" என்றார். அந்த நர்ஸம்மா. மருந்துக் கடையில் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். அப்போதுதான் எனக்கு முழுக்கதையும் தெரியும். கூடவே ஒரு வக்கீலம்மா. அவருக்குச் சளி, ஒரு வாக்கியத்துக்கு ஒரு தும்மல். நம் வீட்டுச் சமையல்கட்டில் உட்கார்ந்து மனு எழுதினார்கள். அதற்கு ஆட்கொணர்வு மனு என்று பெயர்.

"அப்படின்னா என்னங்க?" என்றேன்.

"ஆளக் கொண்டு வா. அவ்வளவுதான். கோர்ட்டு அரசாங்கத்தப் பாத்துச் சொல்ற வார்த்த. ஏன், எதுக்குன்னு அப்புறம் பேசுவோம், முதல்ல ஆளக் கண்ணுல காட்டு."

"எங்கள மாதிரி ஆளுங்களுக்குக்கூடச் சொல்வாங்களா?"

வக்கீலம்மா பையிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்தார். நம் நாட்டின் அரசியல் சாசனம். ஓரங்களில் மடிந்து, தேநீர்க் கறையோடு இருந்தது. ஒரு வரியைக் காட்டி என்னையே படிக்கச் சொன்னார். "சட்டம் சொல்லும் முறையில் அல்லாமல் எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது" என்று இருந்தது.

"இதுல யாருடைய பேர் இருக்கு?" என்றார்.

"யார் பேரும் இல்லீங்க."

"எவருடையன்னு இருக்கே. அதுல உங்க வீட்டுக்காரரும் அடக்கம்."

அண்ணி, நான் அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயோ ஒரு பெரிய மண்டபத்தில், நாங்களெல்லாம் பிறக்கும் முன்னாலே, யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியாது. ஆனாலும் அவருக்கு இடம் விட்டு எழுதியிருக்கிறார்கள்.

நீங்கள் சாப்பிட வேண்டும். நானும் சாப்பிடுகிறேன்.

உங்கள் சிட்டு

---

ஏப்ரல் 15

என் கண்ணு சிட்டுவுக்கு,

நீ திடமாக இருக்கிறாய் என்று உன் எழுத்தே சொல்கிறது. நான்தான் திடமாக இல்லை. உடனே பஸ் ஏறிவிடலாம் என்று பையைக் கட்டினேன். உன் அண்ணாவுக்குக் கட்டுக்குள் புண் வைத்துவிட்டது, தனியாகக் கழிப்பறைக்குக்கூடப் போக முடியாது. "நீ போ, நான் தவழ்ந்துக்கறேன்" என்கிறார். விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. வராததற்கு என்னை மன்னித்துவிடு.

நீ எழுதிய அந்த வரியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, பஸ்ஸில் ஸ்டியரிங்குக்கு மேலே கண்ணாடியோரம் செருகி வைத்திருக்கிறேன். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் படிக்கிறேன். நேற்று பஸ் நிரம்பி வழிந்தது. மேல் கண்ணாடியில் அத்தனை முகங்கள். கைக்குழந்தைக்காரி, காது கேட்காத ஒரு பெரியவர், காலேஜ் பிள்ளைகள், தினமும் சில்லறைக்குச் சண்டை போடும் ஒரு ஆள். இவர்கள் எல்லோரும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறார்கள். அந்தச் சண்டைக்காரனும்கூட! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் விளக்கு பச்சையானது தெரிந்தது.

அன்றைக்குத் தம்பிக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை என்று எழுதினேன். எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கோர்ட்டில் என்ன நடந்தாலும், நல்லதோ கெட்டதோ, ஒன்று விடாமல் எழுது.

உன் அண்ணி

---

ஏப்ரல் 27

அன்பு அண்ணிக்கு,

அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். முதலில் இதைப் படித்துவிட்டு அண்ணாவிடம் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

கோர்ட்டு ஹால் நான் நினைத்த அளவு பெரிதில்லை. பெஞ்சுகள் நம் டவுன் ஆஸ்பத்திரி பெஞ்சுகள் மாதிரியே. நீதிபதி குள்ளமான, வயதான மனிதர். நாற்காலியில் உயரத்துக்கு ஒரு திண்டு போட்டு உட்கார்ந்திருந்தார். இவரா அத்தனை பெரிய போலீஸை அசைக்கப்போகிறார் என்று நினைத்தேன். குரலும் கரகரவென்று இருந்தது.

முதல் நாள் அரசு வக்கீல் எழுந்து, அப்படி ஒரு ஆள் எங்கள் வசம் இல்லை என்றார். வக்கீலம்மா மருந்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார். அந்த மனிதர் சொன்னார்: "கார்ல ஏத்துனாங்க. ஓட்டுனவர எனக்குத் தெரியும், ஸ்டேஷன் ஜீப் ஓட்டறவர். எங்க கடையிலதான் அவர் மாத்திரை வாங்குவாரு." நீதிபதி அரசு வக்கீல் பக்கம் திரும்பினார். பிறகு, "நாளைக்குக் காலையில அவரு இங்க இருக்கணும். அவரு வரலைன்னா உங்க கமிஷனர் வரட்டும்" என்றார். சத்தம் போடவில்லை. எதிர்வீட்டில் இரவல் வாங்கின பாத்திரத்தைத் திருப்பிக் கேட்பது போலத்தான் சொன்னார்.

மறுநாள் காலை கதவு திறந்தது. இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் அவர் வந்தார்.

அண்ணி, இத்தனை நாள் "இல்லை, இல்லை" என்றார்களே, அந்த ஆள்! எந்த ஆபீசில் கேட்டாலும் இல்லாத ஆள், அந்த மனிதர் கரகரத்த குரலில் கேட்டதும் இருந்துவிட்டார். என் பக்கத்தில் இருந்த நர்ஸம்மா என் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இவருதானா?" என்று கேட்டார். அப்போதுதான் முதல் முதலாக முகத்தைப் பார்க்கிறார்.

நீதிபதி கேட்டார்: "இவரை எந்த உத்தரவின் பேரில் வச்சிருந்தீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் வீட்டுக்காரர் அன்றைக்கு நர்ஸம்மா கதவுக்கு முன்னால் கேட்ட அதே கேள்வி. பூட்டுக்காரர் கேட்டதற்குத்தான் காணாமல் போனார். அதையே இப்போது அந்தத் திண்டின் மேலிருந்து கேட்டார்கள், அத்தனை பேரும் தலை குனிந்து நின்றார்கள்.

"விசாரணைக்கு வரச் சொன்னோம், அவரே விரும்பி இருந்தார்" என்றார் அரசு வக்கீல்.

"இத்தனை நாளும் விரும்பியா?" என்றுவிட்டு நீதிபதி இவரைப் பார்த்தார். "உட்காருங்க. யாராச்சும் ஒரு நாற்காலி போடுங்க. தண்ணி வேணுமா?"

இவர் உட்காரவில்லை. உட்காரலாமா என்று பக்கத்துப் போலீஸ்காரரைப் பார்த்தார்.  நீதிபதி இவரிடம் கையை நீட்டச் சொன்னார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். ஏதோ எழுதினார். பிறகு கேட்டார்:

"நீங்க இவங்களோட இருக்க விரும்பறீங்களா?"

"இல்லைங்கய்யா."

"என்ன விரும்பறீங்க?"

"வீட்டுக்குப் போகணும்யா."

"அப்ப போங்க. கதவு அந்தப் பக்கம் இருக்கு. உங்கள யாரும் தடுக்கமாட்டாங்க."

யாரும் அசையவில்லை. இவரும் அசையவில்லை. நம்பவில்லை. நான் எழுந்தேன். நான் பேசமாட்டேன் என்று நீங்கள் எல்லோரும் கேலி செய்வீர்களே, அந்த ஹாலில் எல்லோர் காதிலும் விழும்படி, "வாங்க, போலாம்" என்றேன். அவர் ஒரு அடி வைத்தார். வழியில் நின்ற போலீஸ்காரர் பின்னால் நகர்ந்து இடம் விட்டார். அவருடைய பெல்ட் நாற்காலியில் உரசிய சத்தம் இன்னும் கேட்கிறது. இரண்டு பேருக்கும் நடுவில் நடந்து, கதவைத் தாண்டி, வராந்தா வெயிலுக்கு வந்தோம். யாரும் பின்னால் வரவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தோம். யாருமே வரவில்லை.

அவர் நன்றாகச் சாப்பிடுகிறார். நான் ஊட்டினால் இரண்டு கவளம் கூடவே சாப்பிடுகிறார். நிறையத் தூங்குகிறார்.

உங்கள் சிட்டு

---

மே 14

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். மாமாவின் கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று கேட்டுச் சந்தோஷம். உன்னுடைய இரண்டு கடிதங்களும் வந்தன. பேனா மை தீர்ந்து, கண்ணாடிக் கடைப் பேனாவால் சிட்டு எழுதுகிறாள், நான் சொல்லச் சொல்ல. அதனால் அவள் கையெழுத்து.

கடையைத் திறந்தாகிவிட்டது. புதுப் பூட்டு விற்பது, சாவி வெட்டிக் கொடுப்பது மட்டும் இப்போது. மிஷின் வேலைதானே, சிட்டு சாயங்காலம் வந்து செய்கிறாள். வீட்டுக்கு வந்து திறக்கச் சொல்பவர்களிடம் கொஞ்ச நாள் ஆகட்டும் என்கிறேன். வெயில் அதிகம் அல்லவா!

அந்த நாட்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். எழுத ஒன்றும் இல்லை அக்கா. ஒரு அறை. ஜன்னல் இல்லை. கதவு நல்ல கதவு, பூட்டு பழைய மாடல். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். என்னிடம் ஒரு கம்பி இருந்தால் மாமா ஒரு விசில் ஊதி முடிப்பதற்குள் திறந்திருப்பேன். அப்படி ஒரு பூட்டு.

என் நினைப்பெல்லாம் இப்போது கோர்ட்டு ஹாலில்தான். அந்த மனிதர் போங்க என்றாரே, அதிலேயே நிற்கிறது. ஒரு பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. ஒரு சொல். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், அப்படி ஒரு கதவு திறந்து நான் பார்த்ததில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

---

ஜூன் 2

அருமைத் தம்பிக்கு,

நாங்கள் நலம். மாமா ஊன்றுகோலோடு தெருமுனை வரை போய்வருகிறார். போகும்போது நடை, வரும்போது ரிக்‌ஷா.

பேனா மை தீர்ந்துபோனது என்று எழுதியிருந்தாய். சரி. சிட்டு ஊட்டுகிறாள் என்று அவள் எழுதினாள். அதுவும் சரி. சாவியை அவள் வெட்டுகிறாள். நீதிபதி கையைப் பார்த்தார். நான் பஸ் ஓட்டுகிறவள்தான், ஆனால் நான்கு நிறுத்தங்களைச் சேர்த்தால் எந்தப் பாதை என்று தெரியாதா? நான் கேட்கவில்லை. எப்போது சொல்லத் தோன்றுகிறதோ அப்போது சொல்.

மன்னிப்புக் கேள் என்று ஒரு கடிதம் போட்டேனே, இருந்தால் கிழித்து அடுப்பில் போடு.

டிப்போவில் உன் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள். "ஆளக் கொண்டு வா" என்ற இடத்துக்கு வந்தால் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். ஒரு மெக்கானிக், எப்போதும் என்னோடு வம்பு பண்ணுகிறவர், "அது எனக்கும்தானா அக்கா?" என்று கேட்டார். உனக்கும்தான் என்றேன். நாள் முழுக்க ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த மாதம் லீவு தருகிறார்கள். நாங்கள் இருவரும் வருகிறோம். உன் மாமாவுக்கு ஜன்னல் சீட்டு வேண்டுமாம்.

உன் அக்கா

---

ஆகஸ்ட் 18

அன்பு அக்காவுக்கு,

இது என் கையெழுத்துதான். எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தாலும் என்னுடையது. நீயும் மாமாவும் வந்துபோன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது. ஊர் போய்ச் சேர்ந்ததும் மாமாவுக்குக் கால் வீங்கவில்லையே?

நீ இங்கே இருந்த நாட்களில் என் கையைப் பார்த்தாய், ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டைப் பிசைந்து என் பக்கம் தள்ளினாய். அதற்காகவே இதை நானே எழுத வேண்டும் என்று இருந்தேன். வலது கையில் இரண்டு விரல்கள் ஒடிந்தன. ஒன்று திரும்பி வரும், இன்னொன்று வராது என்கிறார் டாக்டர். செய்தவர் இன்ஸ்பெக்டரேதான். "இதுதானே திறக்கற கை" என்றார். அவர் மேல் நீதிபதி விசாரணைக்கு உத்தரவு போட்டிருக்கிறார், வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். நானும் போய்ச் சாட்சி சொன்னேன். சொல்லும்போது அவர் எதிரே உட்கார்ந்திருந்தார்.  ஆனாலும் சொல்லிவிட்டேன். நர்ஸம்மா தினமும் வந்து ரப்பர் பந்தை அழுத்த வைக்கிறார். இதுவரை எனக்கு ஒரு நன்றி சொன்னதில்லை. "அழுத்துங்க, சோம்பேறித்தனம் வேண்டாம்" என்று அதட்டுவதோடு சரி. மருத்துவமனைத் தண்ணீரைச் சோதிக்க இப்போது ஒரு குழு வந்திருக்கிறதாம். அடுத்த கூட்டத்திலும் பேசப்போகிறார்.

முந்தாநாள் நடந்ததைச் சொல்கிறேன். கடை வாசலில் ஜீப் வந்து நின்றது.  தெரு முழுக்க எட்டிப் பார்த்தது, மருந்துக் கடைக்காரர் வெளியே வந்து நடைபாதையிலேயே நின்றுகொண்டார். இறங்கியது புது இன்ஸ்பெக்டர், இளவயது. தோளில் கைபோடவில்லை. "ஒரு கிடங்கத் திறக்கணும், வர முடியுமா?" என்றார். நான் வாயைத் திறக்கவே இல்லை அக்கா. அவரே ஒரு காகிதத்தை எடுத்துக் கல்லா மேஜையில் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். "மாஜிஸ்திரேட் உத்தரவு. படிச்சுப் பாத்துக்குங்க."

படித்தேன். மெதுவாகத்தான் படித்தேன். பழிவாங்க அல்ல, எழுத்து கண்ணில் நிற்கவில்லை. அவர் வெயிலில் நின்றார். கூட வந்த போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். ஒரு தடவை இன்ஸ்பெக்டர், "முடிஞ்சுதா?" என்றார். "இன்னும் ரெண்டு வரி இருக்குங்க" என்றேன். "படிங்க, படிங்க" என்றார். மேஜைக்கு இந்தப் பக்கம் அழுக்குச் சட்டையோடு நான். அந்தப் பக்கம் அரசாங்கம், வியர்வையைத் துடைத்துக்கொண்டு காத்துக்கொண்டிருந்தது.

சிட்டு கண்ணாடிக் கடையில் சொல்லிவிட்டு வந்தாள். நான் பூட்டுக்குள் ஒரு கம்பியைப் பிடித்தால் இன்னொன்றை அவள் பிடிக்க வேண்டும். லென்ஸ் தேய்த்த கை, அசையாது. இரண்டு பேரும் ஜீப்பின் பின்னால் ஏறிக்கொண்டோம்.

கிடங்கு வாசலில் அதன் சொந்தக்காரர் வந்து நின்றார். பருத்த மனிதர், முகம் வெளுத்துப்போயிருந்தது. இன்ஸ்பெக்டர் முதலில் அவரிடம் அந்தக் காகிதத்தின் நகலைக் கொடுத்தார். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு ஆரம்பத்திலிருந்து படித்தார். நாங்கள் எல்லோரும் மறுபடி நின்றோம். இன்ஸ்பெக்டர், போலீஸ்காரர்கள், நான், சிட்டு. ஒரு மனிதர் படித்து முடிக்கட்டும் என்று அத்தனை பேரும் அமைதியாக நின்றோம். அந்த அமைதியைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிட்டு என் கையை, அந்தக் கையை, பிடித்துக்கொண்டாள்.

படித்து முடித்து அவர் காகிதத்தை மடித்தார். "முறையாத்தான் வந்திருக்கீங்க" என்றார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, தானே பூட்டைத் திறந்து, ஒதுங்கி நின்றார்.

எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லாமல் போய்விட்டது. பையைத் திறக்காமலே நாங்கள் இரண்டு பேரும் வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் சிட்டு பேசிக்கொண்டே வந்தாள்.

நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும். பதில் போடு.

உன் தம்பி